பிளாக் டாலியா வழக்கு: வாசகர் கேள்விகளும் தடயவியல் பதில்களும்

சென்ற இதழில் வந்த எலிசபெத் ஷார்ட் கொலைக் கட்டுரையைத் தொடர்ந்து வந்த கேள்விகளில் சில இங்கே. கட்டுரையைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கம் இது: 1947 ஜனவரி 15 காலை, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் லெய்மெர்ட் பார்க் பகுதியில், சவுத் நார்ட்டன் அவென்யூ ஓரக் காலிமனையில் 22 வயதுப் பெண்ணின் உடல் இடுப்பில் இரண்டாக வெட்டப்பட்டுக் கிடந்தது. ரத்தம் வடிந்து, கழுவப்பட்டிருந்தது. பத்திரிகைகள் அவருக்கு ‘பிளாக் டாலியா’ என்று பெயர் சூட்டின. கொலையாளி யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

ஆடையோ பையோ எதுவும் இல்லாத உடல். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் மறுநாளே பெயரைக் கண்டுபிடித்தது எப்படி? (வாசகி, திண்டுக்கல்)

பத்து விரல்களும் கிடைத்ததால்தான். அன்று வாஷிங்டனில் எஃப்பிஐ (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) கோப்பில் 10 கோடிக்கும் மேற்பட்ட ரேகைப் பதிவுகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினால் ஆயுள் போதாது. அதற்குத்தான் ஹென்றி வகைப்பாடு. வலது கட்டைவிரலில் தொடங்கி இடது சுண்டுவிரல் வரை விரல்களுக்கு 1 முதல் 10 வரை எண் கொடுப்பார்கள். முதல் இரண்டு விரலுக்கு மதிப்பு 16, அடுத்த இரண்டுக்கு 8, பிறகு 4, 2, 1. எந்த விரலில் சுழி (வட்டமாகச் சுற்றும் ரேகை) இருக்கிறதோ அந்த விரலின் மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரட்டைப்படை விரல்களின் கூட்டுத்தொகையோடு 1-ஐச் சேர்த்தால் மேல் எண். ஒற்றைப்படை விரல்களுக்கு அதே மாதிரி செய்தால் கீழ் எண். மொத்தம் 1,024 பிரிவுகள் வரும். ஒரு பிரிவுக்குள் போனபின் வரிகளை எண்ணி மேலும் சுருக்குவார்கள். எங்கே தேடுவது என்பதைப் பத்து விரலும் சேர்ந்து சொல்லிவிடும்.

ரேகைகள் வாஷிங்டனுக்குப் போனது சவுண்ட்போட்டோ வழியாக. செய்திப் படங்களைத் தொலைபேசிக் கம்பியில் அனுப்பும் கருவி அது. எஃப்பிஐ 56 நிமிடத்தில் ஆளைச் சொல்லிவிட்டது. எலிசபெத்தின் ரேகை கோப்பில் இரண்டு முறை இருந்தது: 1943 ஜனவரியில் கேம்ப் குக் ராணுவ முகாமின் கடையில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்தபோது ஒன்று, ஏழு மாதம் கழித்து, சட்டப்படியான வயது வருமுன் மது அருந்தியதற்காகச் சான்டா பார்பரா போலீஸ் பிடித்தபோது இன்னொன்று.

அந்தக் கருவி பத்திரிகைக்காரர்களுடையது. அந்த உதவிக்கான விலை உடனே தெரிந்தது. எக்ஸாமினர் நாளிதழின் நிருபர்கள் போலீசை முந்திக்கொண்டு தாயாரைத் தொலைபேசியில் அழைத்து, ‘உங்கள் மகள் அழகிப் போட்டியில் ஜெயித்துவிட்டாள்’ என்று சொல்லி விவரங்களைக் கறந்தபின்தான் மரணச் செய்தியைச் சொன்னார்கள். கொடுமை ஒருபுறம் இருக்கட்டும். முதல் வாக்குமூலம் நிருபரிடம் போய்விட்டால், பிறகு அந்தத் தாய் போலீசிடம் சொல்வதில் எது அவருக்கே தெரிந்தது, எது கேட்டவர் வாயிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது.

கொலையாளி பத்திரிகைக்கு அனுப்பியதாகச் சொல்லப்படும் உறையில் ரேகை இருந்தும் ஏன் பிடிக்க முடியவில்லை? (வாசகர், மதுரை)

நல்ல கேள்வி. ஜனவரி 24-ல் கிடைத்த அந்த உறையில் எலிசபெத்தின் பிறப்புச் சான்றிதழ், புகைப்படங்கள், விசிட்டிங் கார்டுகள், மார்க் ஹேன்சன் என்ற பெயர் பொறித்த முகவரிப் புத்தகம் ஆகியவை இருந்தன. முகவரி, அச்செழுத்துகளை வெட்டி ஒட்டியது. ரேகை போகட்டும் என்று எல்லாவற்றையும் பெட்ரோலால் துடைத்திருந்தார்கள்.

அப்படியும் சில அரைகுறை ரேகைகள் எடுக்கப்பட்டன. ஆனால் எஃப்பிஐக்குப் போய்ச் சேருமுன்பே அவை கெட்டுவிட்டன. அநாமதேயக் கடிதம் ஒன்றில் கிடைத்த ரேகைகளையும் எஃப்பிஐ தேடிப் பார்த்து, ‘எங்கள் கோப்பில் இல்லை’ என்றது. அன்று அந்தப் பதிலுக்கு எவ்வளவு எடை என்பதைப் பாருங்கள். மேலே சொன்ன 1,024 பிரிவும் பத்து விரலுக்கானது. ஒன்றிரண்டு விரல் மட்டும் இருந்தால் எந்த அலமாரியைத் திறப்பது என்றே தெரியாது. தனி விரலுக்கென்று ஒரு சிறு கோப்பு வைத்திருந்தார்கள். ஆள்கடத்தல் போன்ற சில வகைக் குற்றவாளிகளுக்கானது அது. ஆகவே பத்துக் கோடிப் பதிவுகளில் இல்லை என்பது அந்தப் பதிலின் பொருளாகாது. தனி விரலைப் பெருங்கோப்பு முழுக்கத் தேடும் வசதி, பல பத்தாண்டு கழித்துக் கம்ப்யூட்டர் வந்தபின்தான் வந்தது.

பெட்ரோல் விஷயத்துக்கு வருவோம். விரல் காகிதத்தில் விடுவது மூன்று: எண்ணெய், உப்பு, அமினோ அமிலம். பெட்ரோல் எண்ணெயைக் கரைக்கும். மற்ற இரண்டையும் கரைக்காது. அயோடின் புகை எண்ணெயைப் பிடித்துத்தான் ரேகையைக் காட்டும் என்பதால், பெட்ரோல் பட்ட காகிதத்தில் அதை நம்ப முடியாது. சில்வர் நைட்ரேட் உப்போடு வினைபுரிவது. அந்த முறை 1947-ல் புழக்கத்தில் இருந்தது. பெட்ரோல் பட்டாலும் பலன் தர வாய்ப்புண்டு. அமினோ அமிலத்தை ஊதா நிறமாகக் காட்டும் நின்ஹைட்ரினை ரேகைக்குப் பயன்படுத்தலாம் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் சொன்னது 1954-ல். இன்றைய கூடத்தில் முதலில் நின்ஹைட்ரின், பிறகுதான் சில்வர் நைட்ரேட். இந்த வரிசையை மாற்றினால் பின்னது முன்னதைக் கெடுத்துவிடும். காகிதத்தில் தண்ணீர் பட்டிருந்தால் இரண்டுமே வீண்; உப்பும் அமினோ அமிலமும் தண்ணீரோடு போய்விடும். பெட்ரோலால் துடைத்தவர் கெட்டிக்காரர் என்று எழுதுகிறார்கள். தண்ணீரில் நனைத்திருந்தால் அல்லவா அந்தப் பட்டம் பொருந்தும்!

உடல் கிடந்த இடத்தில் துப்பே இல்லையா? (வாசகர், சிவகாசி)

இருந்தது. டயர் தடம், அதனிடையே ஒரு குதிகால் தடம், அருகில் நீர்த்த ரத்தம் பட்ட சிமென்ட் சாக்கு. தரையில் ரத்தம் இல்லாததால் கொலை வேறெங்கோ நடந்து, உடல் இங்கே கொண்டுவந்து போடப்பட்டது என்பது அன்றே தெளிவாகிவிட்டது. அப்படியென்றால் அந்த ‘வேறெங்கோ’வுக்கு வழிகாட்டக்கூடியவை இந்த மூன்றும்தான். ஆனால் நிருபர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அந்த மனையில் தாராளமாக நடந்தார்கள்.

மண்ணில் பதிந்த தடத்தை எடுக்கும் முறை கடினமல்ல. முதலில் அளவுகோலைத் தடத்தின் ஆழத்துக்குச் சமமாக வைத்து, கேமராவை நேர் மேலே நிறுத்தி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழ்வாக நான்கு திசையிலிருந்தும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் படம் எடுக்க வேண்டும். அடுத்தது வார்ப்பு. இன்று பயன்படுவது டென்டல் ஸ்டோன் (பல் மருத்துவத்தில் அச்சு வார்க்கும் மாவு): ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 400 மில்லி தண்ணீர், இட்லி மாவைவிடச் சற்று இளகலாக. தண்ணீர் கூடினால் வார்ப்பு உதிரும். தடத்துக்கு நேர் மேலிருந்து ஊற்றினால் நுணுக்கமான கோடுகள் சிதையும். பக்கத்துத் தரையில் ஊற்றி உள்ளே வழியவிட வேண்டும். அரை மணி நேரத்தில் தூக்கலாம். ஒட்டிய மண்ணை உடனே கழுவக் கூடாது. குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் காயவிட வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் மண்ணோடு தேய்மான அடையாளமும் போய்விடும். ஒரே மாதிரியான இரண்டு செருப்பில் எது என்று சொல்வது அந்தத் தேய்மானம்தான்.

வெட்டிய விதத்தைப் பார்த்தால் கொலையாளி டாக்டர்தானே? (வாசகர், கோயம்புத்தூர்)

அப்படித்தான் அன்றும் நினைத்தார்கள். தென் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் சிலரைக்கூட எஃப்பிஐ விசாரித்தது. உடல் பிரிக்கப்பட்ட இடம் இடுப்பு முதுகெலும்பின் இரண்டாவது, மூன்றாவது எலும்புகளுக்கு நடுவில். அங்கே இருப்பது குருத்துத் தட்டு. ரம்பம் தேவையில்லை, கத்தி போதும். அந்த இடைவெளி எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அறுவை மருத்துவருக்குத் தெரியும். பிணவறை ஊழியருக்கும், இறைச்சி வெட்டுபவருக்கும், வேட்டைக்காரருக்கும் தெரியும். வெட்டின் ஓரத்தில் ரத்தக்கட்டு மிகக் குறைவு என்பதால் அது இறந்தபின் நடந்தது என்று கொள்ளலாம். இறப்புக்குக் காரணம் வேறு: தலையில் விழுந்த அடியும், முகத்தில் விழுந்த வெட்டுகளால் வந்த ரத்தப்போக்கும் அதிர்ச்சியும் என்றது பிரேதப் பரிசோதனை. ‘டாக்டர்’ என்பதைச் சந்தேகப் பட்டியலைச் சுருக்கும் வடிகட்டியாக வைத்துக்கொண்டால் பல பேரை வெளியே விட்டுவிடுவோம்.

இறந்த நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாதது ஏன்? (வாசகி, திருச்சி)

உடல் கிடைப்பதற்குச் சுமார் பத்து மணி நேரம் முன்பு என்று கணித்தார்கள். இறந்தபின் உடல் வெப்பம் மணிக்கு ஏறத்தாழ 0.8 டிகிரி செல்சியஸ் குறையும் என்ற பொதுக் கணக்கு முழு உடலுக்கானது. பிரிக்கப்பட்டு, ரத்தம் வடிந்து, கழுவப்பட்டு, ஜனவரிக் குளிரில் ஆடையில்லாமல் கிடந்த உடல் அதைவிட வேகமாகக் குளிரும். ரத்தம் கீழ்ப்பக்கம் தேங்கி வரும் நிறத்தை வைத்தும் சொல்வார்கள். இங்கே தேங்க ரத்தமே இல்லை.

ஐந்நூறு பேர் ‘நான்தான் கொன்றேன்’ என்றார்களாமே? (வாசகர், நாகர்கோவில்)

ஆண்டுக்கணக்கில் வந்ததைச் சேர்த்தால் அதற்கும் மேல். 1947-ல் பிறந்தே இராதவர்களும் அதில் உண்டு. இதற்கு ஒரே மருந்து, வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளும் விவரம். காயத்தில் ஒன்று, பொருளில் ஒன்று, இடத்தில் ஒன்று என்று இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து, தேதி போட்டு எழுதி, முத்திரையிட்டு, இரண்டொரு அதிகாரிகளுக்கு மட்டும் தெரியும்படி வைக்க வேண்டும். விசாரிப்பவருக்கே அது தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் ‘வாயை வெட்டினாயா?’ என்று அவரே கேள்வியில் பதிலை ஊட்டிவிடுவார். இந்த வழக்கில் போலீஸ் சிலவற்றை மறைத்து வைத்தது. பெரும்பாலானதைப் பத்திரிகைகள் அச்சிட்டுவிட்டதால் மிச்சம் கொஞ்சம்தான். அந்த மிச்சத்தை வைத்துத்தான் வந்தவர்களைக் கழித்துக்கட்டினார்கள்.

ஜார்ஜ் ஹோடெல் என்ற டாக்டர்தான் கொலையாளி என்று அவர் மகனே சொல்லிவிட்டாரே, பிறகென்ன? (வாசகர், சேலம்)

மகன் முன்னாள் லாஸ் ஏஞ்சலிஸ் துப்பறிவாளர் என்பதால் அவர் பேச்சுக்கு எடை அதிகம். ஹோடெல் மீது சந்தேகம் இருந்ததும் உண்மை. 1950-ல் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் அவர் வீட்டில் ஒலிவாங்கி பொருத்தியது. ‘நானே கொன்றேன் என்று வைத்துக்கொண்டாலும் இப்போது அவர்களால் நிரூபிக்க முடியாது’ என்ற பொருளில் அவர் பேசியது பதிவாகியிருக்கிறது. ஆனால் ‘என்று வைத்துக்கொண்டாலும்’ என்பதை ஒப்புதலாக எந்த நீதிமன்றமும் எடுக்காது. அந்த ஒலிப்பதிவுக்குப் பிறகும் அவர் மீது வழக்குப் போடப்படவில்லை. 1999-ல் இறந்துவிட்டார். எலிசபெத் 1947 ஜனவரி 9-ல் பில்ட்மோர் ஹோட்டலில் இறக்கிவிடப்பட்டதற்கும் 15-ஆம் தேதிக் காலைக்கும் நடுவில் அந்தப் பெண்ணை ஹோடெலோடு சேர்த்துப் பார்த்த நம்பகமான சாட்சியோ, அவர் இருந்த இடத்தில் கிடைத்த ரத்தமோ, உறையில் அவர் ரேகையோ, இவற்றில் ஒன்றாவது வேண்டும். வேறு சந்தேக நபர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றையும் இதே கேள்விகளை வைத்து உரசிப் பாருங்கள்.

இப்போது டிஎன்ஏ வைத்துக் கண்டுபிடிக்கலாமே? உடலைத் தோண்டி எடுத்தால்? (வாசகி, ஈரோடு)

ஓக்லண்டில் புதைக்கப்பட்ட உடலைத் தோண்டினால் கிடைப்பது எலிசபெத்தின் டிஎன்ஏ. தேவை கொலையாளியுடையது. கழுவப்பட்ட உடலில், இத்தனை ஆண்டுக்குப் பிறகு அது எஞ்சியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

வேண்டிய அளவு மிகச் சிறிது என்பது உண்மை. வழக்கமான சோதனைக்கு அரை முதல் ஒரு நானோகிராம் போதும். சுமார் 150 செல்லில் ஒரு நானோகிராம் இருக்கும். அமெரிக்கத் தேசியத் தரவுத்தளத்தில் ஒப்பிட 2017 முதல் மரபணுவில் 20 இடங்களைப் பார்க்கிறார்கள். அங்கே ஆள் இல்லாவிட்டால், உறவினர்களின் மரபணு வழியாகக் குடும்ப மரம் போட்டுத் தேடும் முறை இருக்கிறது. கலிபோர்னியாவின் தொடர் கொலையாளி ‘கோல்டன் ஸ்டேட் கில்லர்’ 2018-ல் பிடிபட்டது அப்படித்தான். ஆனால் அவர் வழக்கில் பாதுகாத்து வைத்த மாதிரி இருந்தது. அது இல்லையென்றால் இந்த முறைகள் எதையும் தொடங்கவே முடியாது.

இந்த வழக்கில் நாக்கால் நனைத்து ஒட்டிய உறை அல்லது தபால்தலை இருந்தால், பசையின் உள்பக்கம் எச்சில் செல்கள் பல பத்தாண்டு தாங்கக்கூடும். வெளிப்பக்கத்தைத் தொட்ட நிருபர்கள், எழுத்தர்கள், போலீசார் ஆகியோரின் கலப்படமும் உள்ளே அவ்வளவாகப் போகாது. அதற்கு அந்தக் காகிதம் வறண்ட இடத்தில், காகித உறையில் இருந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் வைத்தால் ஈரம் தங்கி, பூஞ்சையும் பாக்டீரியாவும் டிஎன்ஏவைத் தின்றுவிடும். திசு கெடாமல் இருக்க ஊற்றிவைக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறிய திசுவிலும் அது துண்டு துண்டாகிவிடும். கொலையாளியுடையது என்று சொல்லத்தக்க டிஎன்ஏ விவரம் எதுவும் இதுவரை பொதுவெளியில் வந்ததில்லை.

வழக்கை மூடிவிட்டார்களா? (வாசகர், காரைக்குடி)

இல்லை. கலிபோர்னியாவில் கொலைக்குக் காலவரம்பு கிடையாது. தீர்க்கப்படாத வழக்காகவே லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் துறையின் கோப்பில் இருக்கிறது.