சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எந்தச் சிறிய நாய்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண்ணும் ஏழு வயதில் ஒரு பையனும் இருக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பதால் சிறிய இன நாய் ஒன்றை வாங்க எண்ணுகிறோம். எவ்வளவு சிறியதாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்கிறார் நண்பர் ஒருவர். விற்பவர் ஒருவர் ‘டீகப்’ சிவாவா என்று சொல்லி உள்ளங்கையில் அடங்கும் குட்டி ஒன்றைக் காட்டினார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் நண்பர் போட்ட கணக்கில் நாயின் உடல் சேரவில்லை. முழு வளர்ச்சி அடைந்த பிறகும் 3 கிலோ அளவிலேயே நின்றுவிடும் சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர், பொமரேனியன் போன்ற இனங்களின் முன்னங்கால் எலும்பு ஒரு பென்சில் பருமன்தான் இருக்கும். சோபாவிலிருந்து குதித்தோ, மூன்று வயதுக் குழந்தையின் கையிலிருந்து நழுவியோ அது முறிவது கால்நடை மருத்துவர்களுக்குப் பழக்கமான காயம். இறுக்கி அணைத்துத் தூக்கப்படும் நாய்க்கு ஓட வழியில்லை, திமிறி விடுபட உடல்பலமும் இல்லை என்னும்போது அதற்கு மிஞ்சுவது பல் மட்டுமே. சின்னக் குழந்தைகள் கடிபடும்போது காயம் பெரும்பாலும் முகத்தில் விழுவதற்குக் காரணம், அவர்கள் தங்கள் முகத்தை நாயின் முகத்தருகே கொண்டுபோவதுதான். கடிப்பது சிறிய நாய் என்பது அந்த இடத்தில் பெரிய ஆறுதல் ஆகாது.

‘டீகப்’ என்பது இனத்தின் பெயரும் அல்ல, நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்புகள் ஏற்றுக்கொண்ட அளவும் அல்ல; அது விற்பனைக்காக உண்டான சொல். அந்தப் பெயரில் வருவது ஈற்றிலேயே மெலிந்து பிறந்த குட்டியாக இருக்கலாம், வயதைக் கூட்டிச் சொல்லி விற்கப்படும் பால்குடி மறவாத குட்டியாக இருக்கலாம். இரண்டுமே சில மணி நேரம் உண்ணாமல் இருந்தால் இரத்தச் சர்க்கரை சரிந்து மயங்கிவிடக்கூடியவை.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் எடை ஏறத்தாழ 6 முதல் 12 கிலோ வரை. குழந்தை தவறி மேலே விழுந்தாலும் தாங்கும், ஆனால் வாரைப் பிடித்திருக்கும் பெரியவரை இழுத்துத் தள்ளாது. இந்த வரம்புக்குள் கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல், குணத்தை மட்டும் பார்த்தால், முதலிடத்தில் வைக்கத்தக்கது. பொறுமையும் மனிதர் மடியை விட்டு விலகாத இயல்பும் அதற்கு உண்டு. ஆனால் அந்த இனத்தில் இதயத்தின் மைட்ரல் வால்வு சீர்கெடுவது மிகப் பரவலான நோய். முதுமை எட்டும் முன்பே பல நாய்களுக்கு அது தொடங்கிவிடும். எனவே தாய், தகப்பன் இரண்டின் இதயப் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். அதைக் காட்ட முடியாதவரிடம் கவாலியர் வாங்க வேண்டாம். பிஷான் ஃப்ரீசேயும், பூடிலில் டாய் வகைக்கு அடுத்த அளவான மினியேச்சரும் நல்ல தேர்வுகள். ஆனால் இவற்றின் முடி வளர்ந்துகொண்டே இருக்குமாதலால் சில வாரங்களுக்கு ஒருமுறை கத்தரிக்கும் செலவும், அடிக்கடி சீவிச் சிக்கெடுக்கும் வேலையும் உங்களைச் சேரும். பீகிள் பிள்ளைகளோடு ஓடியாடச் சலிக்காது, ஆனால் அது முயலின் மோப்பத்தைப் பற்றிக் கூட்டமாக ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்ட வேட்டை நாய். தனியே விட்டுச் சென்றால் நீட்டி ஊளையிடும். அடுக்குமாடியில் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுடன் உறவு கெடாமல் இருக்க வேண்டுமானால் இதை யோசித்தே வாங்க வேண்டும். டாஷ்ஹண்டை மூன்று வயதுக் குழந்தை உள்ள வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். நீண்ட முதுகில் எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு விலகும் அபாயம் அந்த இனத்துக்கு அதிகம். குழந்தை முன்னங்கால்களை மட்டும் பிடித்துத் தூக்குவது அதற்கு ஆகாத ஒன்று.

கேள்வி: பக் இனம் பிள்ளைகளோடு நன்றாகப் பழகும் என்கிறார்கள். நாங்கள் பார்க்கச் சென்ற குட்டியின் தாய் படுத்திருக்கும்போதே கொர்கொர் என்று மூச்சு விட்டது. “இந்த இனமே அப்படித்தான்” என்றார் விற்றவர். உண்மையா?

பதில்: பழகும் என்பது உண்மை. பக் நாயின் பொறுமையைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. மூச்சைப் பற்றி விற்றவர் சொன்னதும் ஒருவகையில் உண்மைதான், ஆனால் அது வாங்குவதற்கான காரணமாகாது. முகம் தட்டையான இந்த இனத்தில் மண்டையோட்டின் முன்பகுதி குறுகிப்போனாலும், உள்ளே வாயின் மேற்புறத்தில் பின்னால் இருக்கும் சதையான மென் அண்ணம் அதே அளவுக்குக் குறுகவில்லை. அது தொண்டையை அடைக்கிறது, மூக்குத் துளையும் கீறல்போல் ஒடுங்கிவிடுகிறது. நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை, நாக்கை நீட்டி இரைத்தே சூட்டைத் தணிக்கிறது என்பதால், மூச்சு அடைபட்ட நாய் வெயிலில் பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு ஈடுகொடுக்கப் போய் மயங்கி விழுந்துவிடும்.

இதை அளக்க வழி இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் கென்னல் கிளப்பும் சேர்ந்து 2019-இல் கொண்டுவந்த மூச்சுச் சோதனையில், நாயை மூன்று நிமிடம் துள்ளு நடையில் ஓட்டி, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, 0 முதல் 3 வரை தரமிடுகிறார்கள். அந்தச் சான்று உங்களுக்குக் கிடைக்காவிட்டாலும் அதே முறையில் நீங்களும் பார்க்கலாம்: தாய் நாயைச் சில நிமிடம் விறுவிறுப்பாக நடத்திக் காட்டச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போதே சத்தம் வரும் தாயின் குட்டியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். அதேபோல் முகம் தட்டையான பிரெஞ்சு புல்டாக்குக்கும் இதையே சொல்வேன்.

கேள்வி: என் மகனுக்கு லேசான ஆஸ்துமா உண்டு. முடி கொட்டாத இனங்கள் ஒவ்வாமை தராது என்று சொல்லி ஒரு மால்டீஸ்–பூடில் கலப்புக் குட்டிக்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: அந்தக் காரணத்துக்காகக் கூடுதலாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் சிறுநீரிலும் இருக்கின்றன; முடி அவற்றைச் சுமந்து செல்லும் பொருள் மட்டுமே. 2012-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று, ஒவ்வாமை தராதவை என்று விற்கப்படும் இனங்களின் முடியில் முதன்மையான ஒவ்வாமைப் புரதம் மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவே இருந்ததையும், வீட்டுக் காற்றில் கலந்திருந்த அளவில் வேறுபாடு இல்லாததையும் காட்டியது. முடி கொட்டாத நாயால் தரை சுத்தமாக இருக்கும் என்பது வரை ஒப்புக்கொள்ளலாம். கலப்புக் குட்டிக்கு அந்த உறுதியும் கிடையாது, ஏனெனில் ஒரே ஈற்றில் ஒரு குட்டி பூடில் முடியோடும் இன்னொன்று மற்ற பெற்றோரின் முடியோடும் வளரும். மருத்துவரிடம் ஒவ்வாமைச் சோதனை செய்துகொள்ளுங்கள். பிறகு நீங்கள் வாங்க நினைக்கும் அதே நாய் இருக்கும் வீட்டில் மகனைப் பல நாட்கள், ஒவ்வொரு முறையும் சில மணி நேரம், இருக்கவிட்டுப் பாருங்கள். பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.

கேள்வி: ஆணா, பெண்ணா?

பதில்: குழந்தைகளோடு பழகுவதைப் பொறுத்தவரை எதுவானாலும் சரி. கருத்தடை அறுவைச் சிகிச்சையை எந்த வயதில் செய்வது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: இணையத்தில் படம் பார்த்து ஒரு கவாலியர் குட்டியைப் பிடித்துப்போய்விட்டது. ஐந்து வாரக் குட்டி, பதிவுச் சான்றிதழ் உண்டு, முன்பணம் அனுப்பினால் பாதி வழியில் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார்கள். வேறு யாரோ கேட்கிறார்களாம், இன்றே முடிவு சொல்ல வேண்டுமாம்.

பதில்: நீங்கள் எழுதிய அத்தனையும் ‘வாங்காதே’ என்றே சொல்கிறது. எட்டு வாரம் ஆகும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடம் பாதியில் நின்ற குட்டி, மீதியை உங்கள் பிள்ளைகளின் கையிலும் காலிலும் கற்கும். பாதி வழியில் கொண்டுவந்து தருவது உங்களுக்கான உபகாரம் போலத் தோன்றும். உண்மையில் அது, குட்டி வளர்ந்த இடத்தை நீங்கள் பார்க்காமல் தடுக்கும் ஏற்பாடு. இங்கிலாந்தில் 2020 முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர்கள் விற்பதே தடை செய்யப்பட்டதும், வாங்குபவர் குட்டியைத் தாயோடு சேர்த்து, பிறந்த இடத்திலேயே பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான்.

பதிவுச் சான்றிதழ் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். அது வம்சாவளியைச் சொல்லும் ஆவணம். குட்டியின் உடல்நலத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. உங்களுக்கு வேண்டியவை வேறு: தடுப்பூசியின் பெயரும் தேதியும் மருத்துவரின் கையொப்பமும் உள்ள அட்டை, குடற்புழு நீக்க மருந்து கொடுத்த தேதிகள், பெற்றோரின் பரிசோதனை அறிக்கைகள், அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் பொருத்தியிருந்தால் அதன் எண். குடற்புழுவை அலட்சியமாக எண்ண வேண்டாம். நாயின் உருண்டைப்புழு முட்டைகள் தரையில் விளையாடும் குழந்தைகளின் வயிற்றுக்குள்ளும் போகக்கூடியவை.

நேரில் சென்றால் முதலில் தாயைப் பாருங்கள். அந்நியரான உங்களிடம் தானாக வந்து முகர்கிறதா, மூலையில் ஒடுங்குகிறதா, உறுமுகிறதா என்பதில் குட்டியின் வருங்காலக் குணத்தில் ஒரு பங்கு தெரிந்துவிடும். “தாய் இப்போது இங்கே இல்லை” என்ற பதில் வந்தால் திரும்பிவிடலாம். பிறகு தரையில் உட்கார்ந்து, கைக்கு எட்டும் தூரத்தில் சாவிக்கொத்தைக் கீழே போடுங்கள். திடுக்கிட்டுப் பின்வாங்கி, சற்று நேரத்தில் அதை முகர வரும் குட்டியே பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது. கட்டிலடியில் புகுந்து வெளியே வராத குட்டியைப் பார்த்து இரக்கப்பட்டு எடுத்துவந்துவிடாதீர்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், காதில் நாற்றம் கூடாது, மெலிந்த உடலில் வயிறு மட்டும் உப்பியிருந்தால் புழு இருக்கலாம். சிறிய இனங்களில் முழங்கால் சில்லு நழுவுவது பரவலானது. அதை மருத்துவர் கையால் தொட்டுத்தான் அறிய முடியும்.

அதனால்தான் எழுத்தில் ஒரு நிபந்தனை கேளுங்கள்: வாங்கிய இரண்டு மூன்று நாட்களுக்குள் நீங்கள் தேர்ந்தெடுக்கும் மருத்துவர் பரிசோதித்துக் குறை கண்டால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் தொற்றிய குட்டி சில நாட்கள் எந்த அறிகுறியும் இல்லாமல் துள்ளிக்கொண்டிருக்கும் என்பதால், அந்த நோய்க்கு மட்டும் காலக்கெடுவை இரண்டு வாரமாக வையுங்கள். மாற்றுக் குட்டி தருகிறேன் என்ற வாக்கை ஏற்க வேண்டாம். குழந்தைகள் பெயர் வைத்துவிட்ட நாயை யாரும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை என்பது விற்பவருக்குத் தெரியும். நேர்மையான வளர்ப்பாளரும் கேள்வி கேட்பார்: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், பிள்ளைகளுக்கு என்ன வயது, முன்பு நாய் வளர்த்திருக்கிறீர்களா. ஒன்றும் கேட்காமல் கணக்கு எண்ணை மட்டும் அனுப்புபவரை நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

கேள்வி: குட்டியாக வாங்கினால்தான் பிள்ளைகளோடு சேர்ந்து வளரும் என்கிறார்களே, காப்பகத்திலிருந்து வளர்ந்த நாயை எடுப்பது ஆபத்தா?

பதில்: மூன்று வயதுக் குழந்தையும் மூன்று மாதக் குட்டியும் ஒரே வீட்டில் இருந்தால் இரண்டையும் பார்த்துக்கொள்ளும் வேலை ஒரே ஆளின் தலையில்தான் விழும். குட்டியின் பால்பல் ஊசிக் கூர்மை. அது விழுந்து நிரந்தரப் பல் முளைத்து முடிய ஆறு ஏழு மாதம் ஆகும், அதுவரை ஓடும் கால்களை எல்லாம் கடித்துப் பார்க்கும். இரண்டு வயதைத் தாண்டிய நாயின் அளவும் குணமும் ஏற்கெனவே தெரிந்தவை. ஒன்றை மட்டும் விடாமல் விசாரியுங்கள்: இந்த நாய் இதற்கு முன் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இருந்திருக்கிறதா, அங்கிருந்து ஏன் வந்தது. நல்ல காப்பகம் இதற்கு மழுப்பாமல் பதில் சொல்லும், சில நாட்கள் வீட்டில் வைத்துப் பார்க்கவும் அனுமதிக்கும். என்னைக் கேட்டால், முதன்முறை நாய் வளர்ப்பவர்களுக்கு இதுவே பாதுகாப்பான வழி.

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு வயது ஷிட்சு ஒன்றை வாங்கினோம். நேற்று அது சாப்பிடும்போது கிண்ணத்தில் கைவிட்ட என் மகளைப் பார்த்து உறுமியது. விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: உறுமியதோடு நிறுத்திக்கொண்டது என்றால் இப்போதைக்கு வேண்டாம், அதற்காக அதை அடிக்கவும் வேண்டாம். கடிப்பதற்கு முன் நாய் தரும் எச்சரிக்கைகளில் உறுமல் கடைசியாக வருபவற்றில் ஒன்று. அதற்கு முன்பே முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும், கண்ணின் வெண்மை தெரியப் பார்க்கும், உடல் விறைக்கும். உறுமியதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமல் நேரே கடிக்கும். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்: ஷிட்சு போன்ற சிறிய இனங்களில் பல் நோய் அதிகம், ஈறு வலியே காரணமாக இருக்கலாம். உணவை இனிமேல் மகள் நுழைய முடியாத, தடுப்புக் கதவு போட்ட இடத்தில் கொடுங்கள். உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடக்கூடாது என்பதை மகளுக்குத் தினமும் சொல்லுங்கள். பெரியவர் பார்வையில்லாமல் இருவரையும் ஓர் அறையில் விடாதீர்கள். வலி ஏதும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும், உணவு இல்லாத வேளையிலும் மகளைக் கண்டால் விறைத்து நிற்கிறது என்றால், விலங்கு நடத்தை நிபுணரிடம் காட்டுங்கள். அவரும் இந்த வீட்டுக்கு இது ஒத்துவராது என்று சொன்னால், சிறு குழந்தைகள் இல்லாத வீடு ஒன்றைத் தேடிக் கொடுங்கள். அப்போது நடந்ததை மறைக்காமல் எழுத்தில் தெரிவியுங்கள்.