குவாட்டர்பேக்கை எதை வைத்து அளப்பது? ஒரு பால்டிமோர் ரசிகனின் பதில்

கேட்டவர் மூன்று கேள்விகளை ஒன்றாக முடிந்து கேட்டிருக்கிறார். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் ஒருவர் நல்லவரா இல்லையா என்பதை எப்படி முடிவு செய்வது? பாஸர் ரேட்டிங், வெற்றிக் கணக்கு, தரவரிசைப் பட்டியல், ரசிகர்களின் பேச்சு ஆகியவற்றில் எதை நம்புவது? போகிற போக்கில், பெரும் குவாட்டர்பேக்குகளான டாம் பிராடி, பாட்ரிக் மஹோம்ஸ் இருவரில் யார் மேல்?

பதிலுக்கு முன் என் சார்பைச் சொல்லிவிடுகிறேன். நான் பால்டிமோரில் இருப்பவன், ரேவன்ஸ் அணியின் ரசிகன். இந்தக் கேள்விக்குப் பாடம் எடுக்க எங்கள் ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. எண்கள் சுமாராக இருந்தும் கோப்பை வென்றவர், நான்கே ஆட்டங்களில் கோடீஸ்வரர் ஆனவர், எண்கள் மலைபோலக் குவிந்தும் கோப்பை கிட்டாதவர் என்று மூன்று வகையும் எங்களிடம் ஆடியிருக்கிறார்கள்.

முதலாமவர் ட்ரென்ட் டில்ஃபர். 2000ஆம் ஆண்டுப் பருவத்தில் ரேவன்ஸின் தாக்குதல் வரிசை தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் ஒரு டச்டவுன்கூட (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் எடுக்கும் புள்ளி) எடுக்கவில்லை. பருவத்தின் நடுவே குவாட்டர்பேக் டோனி பேங்க்ஸை உட்காரவைத்துவிட்டு டில்ஃபரை இறக்கினார்கள். அவர் அந்தப் பருவத்தில் எறிந்தது 12 டச்டவுன், 11 இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்துக்கொண்ட பாஸ்). ஆனால் ரே லூயிஸ் தலைமையிலான தற்காப்பு 16 ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தது மொத்தமே 165 புள்ளிகள். லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் நியூயார்க் ஜயன்ட்ஸை 34-7 என்று நசுக்கினார்கள். அன்று டில்ஃபர் 25 பாஸ்களில் 12ஐத்தான் சக வீரர் கையில் சேர்த்தார். வென்ற கையோடு நிர்வாகம் அவரை அனுப்பிவிட்டு வேறொருவரைக் கொண்டுவந்தது. அணியை நடத்துகிறவர்களே அந்த வெற்றியை அவர் கணக்கில் எழுதவில்லை. ரசிகர்கள் ஏன் எழுத வேண்டும்?

வெற்றிக் கணக்கை வைத்து வாதாடுபவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது பெய்டன் மேனிங்கை. 2013இல் டென்வருக்காக 55 டச்டவுன், 5,477 யார்டு. இரண்டுமே லீகின் சாதனைகள். அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலில் முதல் பந்தே அவர் தலைக்கு மேல் பறந்து சொந்த அணியின் எல்லைக்குள் போய் எதிரணிக்கு இரண்டு புள்ளி கொடுத்தது. முடிவில் சியாட்டிலிடம் 43-8 என்று தோல்வி. இரண்டு வருடம் கழித்து, 2015இல், அதே மேனிங் உடல் தளர்ந்து 9 டச்டவுனும் 17 இன்டர்செப்ஷனும் எறிந்தார். ரேட்டிங் 67.9. அந்த வருடம் கோப்பை அவருக்கு! சூப்பர் பௌலில் அவர் எறிந்தது 141 யார்டு, டச்டவுன் ஒன்றுகூட இல்லை. ஆட்டத்தை வென்றது தற்காப்பு வீரர் வான் மில்லரும் அந்தத் தற்காப்பும்தான். ‘எத்தனை மோதிரம்’ (சூப்பர் பௌல் வென்றவர்களுக்குக் கிடைப்பது) என்று மட்டும் எண்ணுகிறவருக்கு 2013 மேனிங்கைவிட 2015 மேனிங் உயர்ந்தவர். இதை முகம் மாறாமல் சொல்ல யாராலும் முடியாது.

அடுத்து பாஸர் ரேட்டிங். 1973இல் லீக் ஏற்றுக்கொண்ட சூத்திரம். எத்தனை சதவீதப் பாஸ்கள் சேர்ந்தன, ஒரு பாஸுக்குச் சராசரி எத்தனை யார்டு, எத்தனை சதவீதம் டச்டவுன், எத்தனை சதவீதம் இன்டர்செப்ஷன் என்ற நான்கையும் கூட்டி வருவது. உச்சம் 158.3. ஏன் 100 இல்லை என்று கேட்காதீர்கள். நான்கு பகுதிக்கும் தனித்தனி உச்சவரம்பு வைத்துக் கூட்டி, ஆறால் வகுத்து நூறால் பெருக்கினால் அந்த எண்தான் வருகிறது.

இதன் கோளாறு ஒன்றைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒருவர் ஆட்டம் முழுக்க ஒவ்வொரு பந்தையும் யாருக்கும் எறியாமல் தரையில் அடித்தார் என்று வையுங்கள். இன்டர்செப்ஷன் இல்லை என்பதற்காகவே சூத்திரம் அவருக்கு 39.6 கொடுக்கும். 2017 நவம்பரில் பஃபலோவின் நேதன் பீட்டர்மன், தொடக்கத்திலிருந்தே இறக்கப்பட்ட தம் முதல் ஆட்டத்தில் பாதி நேரத்துக்குள் ஐந்து இன்டர்செப்ஷன் எறிந்தார். ரேட்டிங் 17.9. சும்மா தரையில் அடித்துக்கொண்டிருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்திருக்கும். பாவம் அவர்.

அதைவிடப் பெரிய கோளாறு, அது கண்ணை மூடிக்கொள்ளும் இடங்கள். சாக், அதாவது பந்தை எறியும் முன்பே குவாட்டர்பேக்கை எதிரணி வீழ்த்துவது, அதில் இல்லை. கையிலிருந்து நழுவவிட்ட பந்து இல்லை. ஓட்டம் இல்லை. 2019இல் எங்கள் லாமார் ஜாக்சன் காலால் மட்டும் 1,206 யார்டு ஓடினார், குவாட்டர்பேக் யாரும் அதுவரை செய்யாதது. ரேட்டிங்கில் அதற்கு மதிப்பு பூஜ்யம்.

சாக்கை விட்டது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. சாக் விழுந்தால் முன்வரிசை லைன்மேன்களைத் திட்டுவதுதான் வழக்கம். ஆனால் அணி மாறினாலும் சாக் விகிதம் பெரும்பாலும் குவாட்டர்பேக்கின் கூடவே போகிறது. மேனிங்கை இண்டியானாபோலிஸிலும் பிடிக்க முடியவில்லை, டென்வரிலும் பிடிக்க முடியவில்லை. கால் வேகத்தால் அல்ல, பந்தை எப்போது கைவிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததால்.

இப்போது விவரம் தெரிந்தவர்கள் பார்ப்பது எதிர்பார்ப்புப் புள்ளிகளை. சுருக்கமாக இபிஏ என்பார்கள். மைதானத்தின் இந்த இடத்தில், இத்தனையாவது டவுனில் (10 யார்டு முன்னேற அணிக்குக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் ஒன்று), இத்தனை யார்டு தேவை என்ற நிலையில் ஓர் அணி சராசரியாக எத்தனை புள்ளி எடுக்கும் என்று பழைய ஆட்டங்களிலிருந்து கணக்கிடுகிறார்கள். ஒரு முயற்சிக்குப் பின் அந்த எதிர்பார்ப்பு எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பதே அந்த முயற்சியின் மதிப்பு. மூன்றாவது டவுனில் 10 யார்டு தேவைப்படும்போது 9 யார்டு பாஸ் போட்டால் பாஸர் ரேட்டிங் மகிழ்ச்சியாகக் கூட்டிக்கொள்ளும். ஆனால் அடுத்த டவுனில் பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுக்கத்தான் போகிறார்கள். 1 யார்டு தேவைப்படும்போது கிடைத்த 2 யார்டு அதைவிடப் பல மடங்கு உயர்ந்தது. கடைசி ஓவரில் 15 ரன் வேண்டிய நேரத்தில் ஆறு பந்துக்கு ஆறு ரன் எடுத்த மட்டையாளரை யாரும் பாராட்ட மாட்டோம் அல்லவா, அதே நியாயம். சாக், ஓட்டம், நழுவிய பந்து எல்லாம் இதற்குள் வந்துவிடுகின்றன.

எனக்குப் பிடித்த துணுக்கு: இந்தக் கணக்கின் வேரை 1971இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் போட்டவர்களில் ஒருவர் வர்ஜில் கார்ட்டர். அவர் அப்போது சின்சினாட்டி பெங்கல்ஸ் அணியின் குவாட்டர்பேக்! தன்னை எப்படி அளக்க வேண்டும் என்று அளவுகோலைத் தானே செய்துகொடுத்துவிட்டுப் போனவர். லீக் அதைக் கவனிக்காமல் இரண்டு ஆண்டு கழித்து 158.3ஐ ஏற்றுக்கொண்டது.

இபிஏவிலும் ஓட்டை உண்டு. அது ஓர் அணியின் முயற்சியை அளக்கிறது. அதைக் குவாட்டர்பேக்கின் பெயரில் எழுதுவது நாம். இங்கேதான் சான்பிரான்சிஸ்கோ குவாட்டர்பேக் பிராக் பர்டி பற்றிய சண்டை வருகிறது. 2022இல் 262ஆவது ஆளாக, அதாவது புது வீரர்களை எடுக்கும் தேர்வின் கடைசி ஆளாக எடுக்கப்பட்டவர். 2023இல் ரேட்டிங் 113. இபிஏ, யார்டு சராசரி எல்லாவற்றிலும் முன்வரிசை. அது அவருடைய திறமையா, பயிற்சியாளர் கைல் ஷானஹனின் வியூகமா, சுற்றி இருந்த மெக்காஃப்ரி, கிட்டில், டீபோ சாமுவேல் ஆகியோரின் கால்களா? எண்ணை மட்டும் வைத்து இதைப் பிரிக்க முடியாது. என் கணிப்பில் மூன்றும் உண்டு. ஆனால் ‘வியூகத்தின் பிள்ளை’ என்று ஏளனம் செய்பவர்கள், அதே ஷானஹன் அதே அணியில் அதற்கு முன் வைத்திருந்த குவாட்டர்பேக்குகளிடம் ஏன் இந்த எண்கள் வரவில்லை என்றும் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரின் இரண்டாமவர் ஜோ ஃபிளாக்கோ. 2012 பருவத்தின் பிளேஆஃபில் (தோற்றால் வெளியேறும் இறுதிச் சுற்றுகள்) நான்கு ஆட்டங்களில் 11 டச்டவுன், இன்டர்செப்ஷன் ஒன்றுகூட இல்லை. டென்வரில் நடந்த ஆட்டத்தை இந்த ஊரில் குழந்தைகூட விவரிக்கும். ஏழு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. ஃபிளாக்கோ வலப்பக்கம் உயரத் தூக்கி எறிந்தார். டென்வரின் கடைசிக் காவலர் ரஹீம் மூர் பந்தைத் தவறாகக் கணித்து முன்னே வந்து குதிக்க, அது அவர் விரலுக்கு மேலே போய் ஜகோபி ஜோன்ஸின் கையில் விழுந்தது. 70 யார்டு டச்டவுன். பிறகு கூடுதல் நேரத்தில் வெற்றி, அதைத் தொடர்ந்து சூப்பர் பௌல் வெற்றி, 12 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம், ஆண்டுச் சராசரியில் அதுவரை லீக் கண்ட மிகப் பெரிய தொகை. மறு வருடம் 19 டச்டவுன், 22 இன்டர்செப்ஷன். மூர் இரண்டடி பின்னால் நின்றிருந்தால் அந்த ஒப்பந்தத்தின் தொகை என்னவாகியிருக்கும்? ‘ஃபிளாக்கோ உயர்தர வீரரா’ என்ற கேள்வி அமெரிக்கா முழுக்க ஒரு நகைச்சுவையாகவே நிலைத்துவிட்டது. நான்கு ஆட்டங்கள் ஒரு பருவமாகாது என்பதே அதற்கான விடை. ஆனாலும் அந்த நான்கை எந்த ஜென்மத்திலும் திருப்பிக் கொடுக்க மாட்டோம்.

மூன்றாமவர் லாமார். 2024 பருவத்தில் 41 டச்டவுன், 4 இன்டர்செப்ஷன், காலால் 915 யார்டு. அவ்வருட விருதுகளில் நடந்த கூத்தைப் பாருங்கள். 50 பத்திரிகையாளர்கள் கொண்ட ஒரே குழு. லீகின் சிறந்த குவாட்டர்பேக் யார் என்ற ஆல்-புரோ வாக்கில் லாமாருக்கு 30, பஃபலோவின் ஜோஷ் ஆலனுக்கு 18. மிக மதிப்புள்ள வீரர் விருதுக்கு அதே 50 பேரும் வாக்களித்தபோது ஆலனுக்கு 27 முதலிடம், லாமாருக்கு 23. சிறந்தவர் ஒருவர், மதிப்புள்ளவர் இன்னொருவர்! லாமார் ஏற்கெனவே இரண்டு முறை வாங்கிவிட்டார், ஆலன் சுமாரான ரிசீவர்களை (பாஸைப் பிடிப்பவர்கள்) வைத்து ஒப்பேற்றினார் என்ற கதைகள் அந்த இடைவெளியில் புகுந்தன. தரவரிசைகளை நான் படிப்பது அந்தக் கதைகளுக்காகத்தான். தி அத்லெட்டிக் ஆண்டுதோறும் ஐம்பது பயிற்சியாளர்களையும் நிர்வாகிகளையும் கேட்டுக் குவாட்டர்பேக்குகளை அடுக்கு அடுக்காகப் பிரிக்கும். 2022இல் பெயர் சொல்லாத ஒரு தற்காப்புப் பயிற்சியாளர், லாமார் பன்னிரண்டு முறை அந்த விருதை வாங்கினாலும் தமக்கு அவர் முதல் அடுக்குக் குவாட்டர்பேக் ஆக மாட்டார் என்றார். எந்த எண்ணாலும் மாற்ற முடியாது என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட கருத்து, அதுவும் நிபுணரிடமிருந்து.

அந்த இருவரும் 2025 ஜனவரி 19 அன்று பஃபலோவின் பனியில் பிளேஆஃபில் மோதினார்கள். வாக்குகள் அதற்கு முன்பே போடப்பட்டுவிட்டன. பாஸர் ரேட்டிங் என்ன சொல்கிறது? லாமாருக்கு 114, ஆலனுக்கு 87. என் ஆள்தான் மேல் என்று சட்டையைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஆனால் லாமார் ஒரு பந்தை நழுவவிட்டு, அதை, அப்போது பஃபலோவில் ஆடிய வான் மில்லர் எடுத்துக்கொண்டு ஓடினார். ஆலன் இரண்டு டச்டவுன்களைக் காலால் எடுத்தார். இரண்டையும் ரேட்டிங் பார்க்கவில்லை. அன்று பாதுகாப்பாக ஆடியவர் ஆலன். என் நகரமே என்மேல் பாய்ந்தாலும் அதுதான் உண்மை.

கடைசியில் 27-25 என்று பின்தங்கிய நிலையில், ஒன்றரை நிமிடம் மிச்சமிருக்க, சமன் செய்ய, டச்டவுனுக்குப் பின் கிடைக்கும் இரண்டு புள்ளி முயற்சி. லாமார் வலப்பக்கம் நகர்ந்து எறிந்தார். எங்கள் மார்க் ஆண்ட்ரூஸ் தனியாகத்தான் இருந்தார். பந்து அவர் கையில் பட்டு வழுக்கி விழுந்தது. இரண்டு புள்ளி முயற்சியில் போடும் பாஸ் பாஸர் ரேட்டிங்கில் சேராது, யார்டுக் கணக்கிலும் சேராது. அதிகாரபூர்வக் கணக்கில் அந்தப் பந்து எறியப்படவே இல்லை. ஆனால் மறுநாள் காலை ‘பெரிய ஆட்டத்தில் லாமாரால் முடியாது’ என்ற பேச்சுக்கு அதுதான் ஆதாரம்.

ரசிகர்களின் பேச்சை முழுக்க ஒதுக்கிவிடவும் நான் தயாரில்லை. ஓர் அணியை வாரம் தவறாமல் பார்க்கிறவருக்குத் தெரியும் சில விஷயங்கள் தேசியப் பட்டியல் போடுகிறவருக்குத் தெரிவதில்லை: எந்த இன்டர்செப்ஷன் ரிசீவர் தப்பான பாதையில் ஓடியதால் வந்தது, எந்த 300 யார்டு ஆட்டம் தோற்றது உறுதியான பிறகு சேர்த்தது என்பவை. புரோ ஃபுட்பால் ஃபோகஸ் நிறுவனம் ஒவ்வொரு முயற்சிக்கும் -2 முதல் +2 வரை மதிப்பெண் போடுவதும் இந்த வேலையைத்தான், கொஞ்சம் ஒழுங்கோடு. இதில் ஒரு வேடிக்கை, அதைத் தொடங்கியவர் ஓர் ஆங்கிலேயர்.

காலத்தைத் தாண்டி ஒப்பிடுவது வீண். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஆடிய ஜோ நேமத்தின் வாழ்நாள் ரேட்டிங் 65.5, டச்டவுன் 173, இன்டர்செப்ஷன் 220. இன்று இந்த எண்களோடு ஒருவர் வேலையில் நீடிக்க மாட்டார். ஆனால் 1978க்கு முன் ரிசீவர்களை இன்றைவிட அதிகமாக இடித்துத் தள்ளலாம், விதி அனுமதித்தது. அன்றைய நேமத்தை அன்றைய சராசரியோடுதான் நிறுத்த வேண்டும்.

பிராடியா மஹோம்ஸா? உச்சத்தில் யார் ஆபத்தானவர் என்றால் மஹோம்ஸ். 2018இல், முழுப் பருவம் ஆடிய முதல் வருடத்திலேயே 50 டச்டவுன் போட்டவர் அவர். மொத்தத்தில் யார் என்றால் பிராடி, அதுவும் ஏழு மோதிரங்களுக்காக அல்ல. 2021இல் 44 வயதில் 5,316 யார்டு எறிந்து லீகிலேயே முதலிடம் பிடித்ததற்காக. மஹோம்ஸுக்கு 2039இல்தான் 44 ஆகும். இதே கேள்வியை அப்போது ஒருமுறை கேளுங்கள்.