கார்பன் போட்டால் கால்சியம் குறையுமா?

கருங்கல்லில் இருந்து எழுதும் வாசகர் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார். லெதர் கோரல், மஷ்ரூம் கோரல் என்ற மென்பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள். ஜூன் மாதம் தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் எடுத்துவந்து, தொட்டியில் பாதியை மாற்றினார். அதே வாரம் ஆக்டிவேட்டட் கார்பனும் (நீரைச் சுத்தமாக்கும் நுண்துளைக் கரி) போட்டார். பிறகு சோதித்தபோது கால்சியம் லிட்டருக்கு 410 மில்லிகிராமிலிருந்து 350-க்கும், காரத்தன்மை 7 டிகேஎச்-சிலிருந்து (காரத்தன்மையை அளக்கும் அலகு) 6-க்கும், மக்னீசியம் 1290 மில்லிகிராமிலிருந்து 1100-க்கும் இறங்கியிருந்தன. லெதர் கோரலும் சுருங்கிக் கிடக்கிறது. 'ஊற்றும் சத்துக் கரைசலை எல்லாம் கார்பன் இழுத்துவிடுகிறதா? ஊற்றும் நாட்களில் அதை எடுத்துவிட வேண்டுமா? அயோடினும் அமினோ அமிலமும்கூட ஊற்றுகிறேன்' என்று கேட்கிறார். வீட்டுச் சிரட்டைக்கரியே போதுமா என்றும் கேட்கிறார். கடைசி வரியில், போகிற போக்கில், உப்புத்தன்மை (ஒரு கிலோ நீரில் எத்தனை கிராம் உப்பு என்பது) 30 காட்டுவதாகவும் எழுதியிருக்கிறார்.

நான் முதலில் பிடித்துக்கொண்டது அந்தக் கடைசி வரியைத்தான். நல்ல கடல்நீரின் உப்புத்தன்மை 35. அது 30 ஆனால் ஏழில் ஒரு பங்கு போய்விட்டது என்று கணக்கு. இப்போது உங்கள் மூன்று எண்களையும் பாருங்கள்: 410-ல் ஏழில் ஒரு பங்கு போனால் 351, 7-ல் போனால் 6, 1290-ல் போனால் 1105. மோரில் தண்ணீர் விட்டால் உப்பும் புளிப்பும் சேர்ந்தே குறைவதைப் போல மூன்றும் ஒரே விகிதத்தில் இறங்கியிருக்கின்றன. பவளமோ சுண்ணாம்புப் பாசியோ எடுத்திருந்தால் கால்சியமும் காரத்தன்மையும் குறைந்திருக்கும். மக்னீசியம் இந்த அளவுக்கு அசைந்திருக்காது. தென்மேற்குப் பருவமழையில் குழித்துறைத் தாமிரபரணி பெருகிக் கடலில் விழும் இடத்தில் நீங்கள் குடத்தை முக்கியிருக்கிறீர்கள். ஆற்று நீர்தான் காரணம். கார்பன் மீது குற்றமில்லை.

கால்சியம், மக்னீசியம், காரத்தன்மையைத் தரும் கார்பனேட் ஆகியவை நீரில் மின்னேற்றத்தோடு கரைந்திருக்கும் அயனிகள். கார்பனின் நுண்துளைகள் பிடித்துவைப்பது பெரும்பாலும் கரிமப் பொருள்களை: தண்ணீரை மஞ்சளாக்கும் கழிவுகள், வாடை, மருந்துகள், பவளங்கள் கக்கும் நச்சு. அதனால் கால்சியமும் காரக் கரைசலும் ஊற்றும் நாளில் கார்பனைத் தொட வேண்டியதில்லை. அவை இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஊற்றாமல் இருந்தால் போதும். சேர்த்து ஊற்றினால் சுண்ணாம்பாகத் திரிந்து, வெண்மேகமாகக் கலங்கி, அடியில் படிந்து வீணாகும்.

அயோடின் விஷயம் வேறு. கார்பனின் தரத்தை அளக்கவே 'அயோடின் எண்' என்ற சோதனை இருக்கிறது: ஒரு கிராம் கார்பன் எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கிறது என்பதே அந்த எண். ஆக, லுகோல் என்ற அயோடின் கரைசலைச் சொட்டினால் அதில் கணிசமான பகுதி கார்பனுக்குத்தான் தீனி. அமினோ அமிலம், வைட்டமின் போன்றவையும் ஓரளவு போகும். நுரையோடு கழிவை வெளியேற்றும் கருவியான புரத நுரைப்பான் வேறு தன் பங்குக்கு இழுக்கும். அமினோ அமிலம் கொடுத்தே தீரவேண்டும் என்றால், கொடுத்த பிறகு சில மணி நேரம் கார்பன் வழியே நீர் ஓடாமல் நிறுத்துங்கள். என்னைக் கேட்டால், உங்கள் தொட்டிக்கு இந்த இரண்டுமே வேண்டாம். மீனுக்குப் போடும் இறாலிலும் கடற்பாசியிலும் அயோடின் இருக்கிறது. சோதிக்காமல் ஊற்றும் அயோடின் கூடிப்போனால் நஞ்சு. கல் எலும்பு கட்டாத பவளங்களுக்குக் கால்சியமும் சொற்பமே செலவாகும். (கல் பவளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அவை இருப்பதால், நம் கரையில் எடுத்தால் வழக்குதான்.)

முதலில் உப்பைச் சரிசெய்யுங்கள். 200 லிட்டரை 30-லிருந்து 35-க்கு ஏற்ற ஏறத்தாழ ஒரு கிலோ கடல்நீர் உப்புக் கலவை வேண்டும். மொத்தமாகக் கொட்ட வேண்டாம். அன்றாடம் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக, நன்னீருக்குப் பதில் 35-ல் கரைத்த உப்புநீரை விட்டுக்கொண்டே வாருங்கள். ஒரு நாளில் ஓர் அலகுக்கு மேல் ஏறக் கூடாது. சாமித்தோப்பு உப்பளத்து உப்பு மலிவாயிற்றே என்று தோன்றலாம். அது சமையலுக்கு, மக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் உப்பளத்துக் கழிநீரோடு போய்விட்டிருக்கும். 35 வந்ததும் மறுபடி சோதியுங்கள். மூன்று எண்களும் தாமாகவே ஏறியிருக்கும். அதற்குப் பிறகும் காரத்தன்மை குறைந்தால் மட்டும் கரைசல். 200 லிட்டருக்கு 6 கிராம் சமையல் சோடா ஒரு டிகேஎச் ஏற்றும்.

கார்பனை எடுக்காதீர்கள். லெதர் கோரல் வளர்ப்பவருக்கு அது அவசியம். அக்கம்பக்கத்துப் பவளங்களை ஒடுக்க லெதர் கோரல் நீரில் விடும் நச்சைக் குறைக்க கார்பனே எளிய வழி. 50 கிராமில் தொடங்குங்கள். மெல்லிய வலைப்பையில் போட்டு, வடியும் நீரில் கருமை நிற்கும்வரை அலசுங்கள். மீனுக்குக் கரித்தூசி ஆகாது. பையை வடிகட்டியில் நீர் ஊடுருவி ஓடும் இடத்தில் வையுங்கள். ஓரமாகத் தொங்கவிட்டால் பயன் பாதிதான். தொட்டி நீரை வெள்ளை வாளியில் எடுத்து, புதிதாகக் கரைத்த உப்புநீரோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மஞ்சள் தெரியும். நெடுநாள் மஞ்சளாக இருந்த நீர் ஒரே நாளில் தெளிந்தால் வெளிச்சம் திடீரென்று கூடிப் பவளம் வெளுக்கும். அந்த வாரம் விளக்கு நேரத்தைக் குறையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கார்பனை மாற்றிவிடுங்கள். மீனுக்கு மருந்து போடும் நாட்களில் மட்டும் வெளியே எடுங்கள்.

சிரட்டைக்கரி போதாது. சிரட்டையில் செய்த கார்பன் தரமானதுதான். ஆனால் 800 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தினால்தான் அந்த நுண்துளைகள் திறக்கும். அடுப்பில் அது நடக்காது. பழைய கார்பனை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவதும் அப்படித்தான். கடையில் வாங்கியதையும் ஒரு கரண்டி எடுத்து, ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து பாஸ்பேட் சோதியுங்கள். வெறும் ஆர்ஓ தண்ணீரைவிடக் கூடுதலாகக் காட்டினால் அந்தப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.