1888 அமெரிக்க அதிபர் தேர்தலில் அதிக வாக்கு வாங்கிய கிளீவ்லாந்து தோற்றது எப்படி?

அமெரிக்காவில் மக்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர்கள் என்று கணக்கு உண்டு; அதிபரைத் தேர்ந்தெடுப்பது அவர்கள்தான், அவர்களில் பாதிக்கு மேல் யார் பக்கமோ அவரே அதிபர். 1888இல் ஒரு மாநிலத்தில் ஒரே ஓட்டில் முந்தினாலும் அத்தனை தேர்வாளர்களும் முந்தியவருக்கே. வாலிபால் மாதிரிதான்: எதிரணியைச் சுருட்டி எறிந்து ஜெயித்தாலும், திக்கித் திணறி ஜெயித்தாலும் கணக்கில் ஒரு செட்தான்.

குரோவர் கிளீவ்லாந்து நாடு முழுக்க பெஞ்சமின் ஹாரிசனைவிடச் சுமார் 90,000 வாக்குகள் கூடுதலாக வாங்கினார். ஆனால் அவர் வாக்குகள் தென் மாநிலங்களில் குவிந்து கிடந்தன. டெக்சாஸில் மட்டும் 1,40,000க்கு மேல் வித்தியாசம். கிடைத்ததோ 13 தேர்வாளர்கள். நியூயார்க்கில் ஹாரிசன் சுமார் 14,000 வாக்குகளில் முந்தி 36 பேரையும் அள்ளிக்கொண்டார். இத்தனைக்கும் கிளீவ்லாந்து அங்கே ஆளுநராக இருந்தவர்! முடிவு 233–168. நியூயார்க் மட்டும் மாறியிருந்தால் கிளீவ்லாந்து 204–197 என்று ஜெயித்திருப்பார். (தெற்கில் கறுப்பின மக்கள் பலரை வாக்களிக்கவே விடவில்லை, அதனால் அந்த 90,000ஐ அப்படியே மக்கள் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம்.)

இண்டியானாவில் காசு கொடுத்து ஓட்டு வாங்கியதால்தான் ஹாரிசன் அதிபரானார் என்று சிலர் சொல்வதுண்டு. புகார் எழுந்தது உண்மை; ஆனால் அந்த மாநிலத்தின் 15 பேரைக் கழித்தாலும் அவருக்கு 218, தேவைப்பட்டது 201தான்.