போர்வரியும் மனசாட்சியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போர்முனைக்குச் செல்ல மறுக்கும் உரிமையைப் பல நாடுகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆனால் என் சம்பளத்தில் பிடிக்கப்படும் வரி குண்டுகளாக மாறுவதை என்னால் மறுக்க முடியவில்லை. அதே வரியில்தான் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடக்கின்றன என்பதால் கொடுக்காமல் இருப்பதும் குற்றமாகத் தோன்றுகிறது. நேர்மையான வழி ஏதேனும் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

1755-இல் பென்சில்வேனியா சட்டமன்றம் போர்ச் செலவுக்காக வரி விதித்தபோது, அதைச் செலுத்துவதில்லை என்று முடிவெடுத்தவர்களில் ஜான் உல்மன் என்பவரும் ஒருவர்; போரை எதிர்க்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். தம் சமூகத்தார் பொதுவாகச் செலுத்திவந்த வரியை மறுப்பது மிகவும் கசப்பாக இருந்ததென்றும், மனசாட்சிக்கு மாறாக நடப்பது அதைவிட அஞ்சத்தக்கதாகத் தோன்றியதென்றும் அவர் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். உங்கள் தயக்கமும் அந்த வகையைச் சேர்ந்ததே. அந்தக் கசப்பு சிறிதும் இல்லாமல் வரியை மறுப்பவர் மீது எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

வியட்நாம் போர்ச் செலவுக்காக அமெரிக்க அரசு 1966-இல் தொலைபேசி வரியை 10 சதவீதமாக உயர்த்தியபோது, பலர் மாதக் கட்டணத்தில் அந்த வரியை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைச் செலுத்தி, கழித்ததற்கான காரணத்தையும் கடிதமாக எழுதி அனுப்பினார்கள். தொகை மிகச் சிறியது. அரசு நினைத்தால் வங்கிக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ள முடியும். ஆயினும் வரி ஏய்ப்பவர் ஒருபோதும் எழுதாத கடிதம் அது.

நீதிமன்றங்கள் இதை ஏற்கவில்லை. ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு முதலாளி, சமய நம்பிக்கையைக் காரணம் காட்டிச் சமூகப் பாதுகாப்பு வரியை மறுத்த வழக்கில் 1982-இல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், போரைப் பாவமெனக் கருதுபவரின் வருமான வரியையே எடுத்துக்காட்டி, இத்தகைய விலக்குகளை அனுமதித்தால் வரி அமைப்பே இயங்காது என்றது. 1991-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, இராணுவச் செலவை மனசாட்சிப்படி எதிர்க்கும் உரிமையை ஒப்புக்கொண்டும், வரி மறுப்பு அதற்குள் அடங்காது என்று ஒரு கனடா முறையீட்டைத் தள்ளியது.

ஆளாளுக்குக் கழித்துக்கொண்டால் அரசு நடக்காது என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கொல்வதை அரசின் மற்ற செயல்களோடு சேர்த்து எண்ண வேண்டியதில்லை. கட்டாய இராணுவச் சேவைச் சட்டங்களே அதைத் தனியாக வைத்து, மறுத்தவருக்கு மாற்றுப் பணி அளித்தன. மறுப்பாளரிடம் முழு வரியையும் வசூலித்து, அதை இராணுவமல்லாத செலவுகளுக்கு மட்டும் ஒதுக்கும் மசோதா 1972 முதல் அமெரிக்க காங்கிரஸில் பலமுறை கொண்டுவரப்பட்டும் நிறைவேறவில்லை. அப்படி ஒதுக்கினாலும் பிறர் வரியிலிருந்து இராணுவத்துக்கு நிரப்பிக்கொள்வார்கள் என்பது உண்மைதான். மாற்றுப் பணிக்குச் சென்றவரின் இடத்திலும் வேறொருவர் துப்பாக்கி ஏந்தினார். அதற்காக அவருடைய மறுப்பை வீண் என்று நாம் சொல்வதில்லை.

பள்ளிகளைப் பற்றிய உங்கள் கவலைக்கு, மறுத்த தொகையை அப்படியே பொதுக் காரியத்துக்குக் கொடுத்துவிட்டு, அதை வரித்துறைக்குத் தெரிவிப்பது பலருடைய வழக்கம். சிலர் வரி வரம்புக்குக் கீழே வருமானத்தைக் குறைத்து வாழ்கிறார்கள். பிள்ளைகள் உள்ளவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அபராதமும் வட்டியும் குடும்பத்தின் மீதே விழும் என்பதால் முதலில் வீட்டாரிடம் பேசுங்கள். அவர்கள் தயங்கினால், வரியை முழுவதும் செலுத்திவிட்டு, உங்கள் எதிர்ப்பை மட்டும் எழுத்தில், உங்கள் பெயரோடு அனுப்புங்கள்.