உள்ளங்கை சொரியாசிஸ்: பாஸி 2 என்றால் லேசான நோயா?

கேள்வி: வயது 44. திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். இரண்டு உள்ளங்கையிலும் சொரியாசிஸ் வெடித்து, துணியைப் பிடிக்க முடியாமல் வேலையை விட்டுவிட்டேன். சீட்டில் ‘பாஸி 2, டி.எல்.க்யூ.ஐ. 8, லேசானது’ என்று எழுதிக் களிம்பு கொடுத்தார்கள். ஆறு மாதமாகியும் கேட்கவில்லை. 90 நாளில் பூரண குணம் என்று ஒருவர் பொடி விற்கிறார். வாங்கலாமா?

பதில்: பொடி வேண்டவே வேண்டாம். லேபிள் இல்லாமல் கூரியரில் வரும் பொடி நாலே நாளில் வெடிப்பை மூடினால், ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றே சந்தேகப்படுங்கள். அதை நிறுத்தியதும் நோய் முன்பைவிட மோசமாகத் திரும்பும். சிலருக்கு உடம்பெல்லாம் சீழ்க் கொப்புளம் கிளம்பி, காய்ச்சலோடு அட்மிட் ஆக வேண்டிவரும். ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். பொடியையும் எடுத்துக்கொண்டு உடனே தோல் மருத்துவரிடம் போங்கள். ‘கேரண்டி’ என்று சொல்லும் ஏஜெண்ட் அப்போது போனை எடுக்க மாட்டார்.

இனி சீட்டிலுள்ள எண்களுக்கு வருவோம். பாஸி என்பது சொரியாசிஸ் எவ்வளவு தீவிரம் என்று மருத்துவர் போடும் மதிப்பெண். டி.எல்.க்யூ.ஐ. என்பது தோல் நோய் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று நோயாளியைக் கேட்கும் கேள்வித்தாள். பாஸி 0 முதல் 72 வரை. தலை, கை, உடம்பு, கால் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் சிவப்பு, தடிப்பு, செதிலுக்குத் தலா 4 வரை, பரவலுக்கு 6 வரை மதிப்பெண். கைகளுக்கான பங்கு 0.2. உள்ளங்கையில் மட்டும் திட்டு இருந்தால் கைகளின் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. பரவல் எண் 1. மற்ற மூன்றுக்கும் முழு மதிப்பெண் போட்டாலும் 12 × 1 × 0.2 = 2.4. கை ரத்தம் வரக் கிழிந்தாலும் அதற்கு மேல் ஏறாது. பாஸி, டி.எல்.க்யூ.ஐ. இரண்டும் பத்துக்குள் இருந்தாலும், உள்ளங்கை, உள்ளங்கால், பிறப்புறுப்பு, நகம் போன்ற இடங்களில் பாதிப்பு இருந்தால் லேசானது என்று ஒதுக்கக் கூடாது என ஐரோப்பிய நிபுணர் குழு 2011-லேயே சொல்லிவிட்டது. சீட்டு எழுதுபவர்களுக்கு அது இன்னும் எட்டவில்லை!

டி.எல்.க்யூ.ஐ.யில் கடந்த ஒரு வாரத்தைப் பற்றி 10 கேள்விகள், மொத்தம் 30. பத்தைத் தாண்டினால் வாழ்க்கை பெரிதும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஏழாவது கேள்வி: தோல் நோயால் வேலைக்கோ படிப்புக்கோ போக முடியாமல் போனதா? வேலையை விட்டவர்களுக்கு ‘பொருந்தாது’ என்று டிக் அடித்துவிடுகிறார்கள், மதிப்பெண் 0. கையால்தானே வேலை போனது? பதில் ‘ஆம்’, அதற்கு 3. உங்கள் தாளிலும் இப்படி நடந்திருந்தால் உங்கள் 8 உண்மையில் 11. விளையாட்டுக் கேள்விக்குப் ‘பொருந்தாது’ என்பது சரி. இரண்டு கேள்விகளை வெறுமனே விட்டால் தாளே செல்லாது.

தாளை வாங்கி நீங்களே நிரப்புங்கள். ஓ.பி. அவசரத்தில் யாரோ சத்தமாகக் கேட்டு யாரோ டிக் அடிக்கிறார்கள். மாமியார் பக்கத்தில் நிற்கையில் தாம்பத்தியக் கேள்விக்கு எந்தப் பெண் உண்மை சொல்வாள்? அன்று காலை எண்ணெய் தடவிச் செதிலை உரித்துவிட்டும் போகாதீர்கள். செதில் மதிப்பெண் குறைந்துவிடும்.

‘ஆறு மாதம் களிம்பு கேட்கவில்லை, வேலை போய்விட்டது’ என்ற இரண்டையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கட்டம் கைக்கு ஒளி சிகிச்சை அல்லது ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையாக இருக்கலாம். மாத்திரை கொடுத்தால், அது வாரத்தில் ஒரே நாள் போடுவது. எந்தக் கிழமை என்று அட்டை மேலேயே எழுதி வாங்குங்கள். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.