சூரியக் குடும்பத்துக்கு வெளிய இருக்குறது வெறும் காலி இடம் தானா?

காலின்னு சொல்லிட முடியாதுங்க, ஆனா நம்ம கணக்குல பாத்தா கிட்டத்தட்ட காலி தான். ஒரு டீஸ்பூன் எடுத்துக்கோங்க, அதுல அடங்குற காத்துல 1 போட்டு பின்னாடி 20 சைபர் போடுற அளவுக்கு மூலக்கூறு இருக்கும், அதே ஸ்பூனை அங்க நீட்டினா ஒண்ணோ ரெண்டோ அணு தான் மாட்டும், அதுவும் பெரும்பாலும் ஹைட்ரஜன். நம்மள சுத்தி இருக்குற இந்த மெல்லிய வாயுவுக்குப் போய் மேகம்னு பேரு வச்சிருக்காங்க! சுமார் 30 ஒளியாண்டு அகலம், சூடு 6,000 டிகிரிக்கு மேல, ஆனா கைய நீட்டினா சுடாது, சுடுறதுக்கு அணு வேணும்ல. சூரியன் நம்ம எல்லாரையும் இழுத்துக்கிட்டு இந்த மேகத்தோட ஓரத்துல செகண்டுக்கு 26 கிமீ வேகத்துல போயிட்டு இருக்கு.

சூரியன்ல இருந்து வீசுற காத்து, அதாவது மின்னேறின துகள்கள், இந்த மேகத்தை நெருங்க விடாம தள்ளி, நம்மள சுத்தி ஒரு குமிழி கட்டி வச்சிருக்கு. அந்தக் குமிழியை நாசாவோட வாயேஜர் 1 விண்கலம் தாண்டுச்சான்னு கண்டுபிடிச்ச கதை தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பிளாஸ்மாவை, அதாவது மின்னேறின வாயுவை, நேரா அளக்குற கருவி 1980லயே போச்சு, மிச்சம் இருந்தது ஆன்டெனா தான். 2012 மார்ச்ல சூரியன்ல ஒரு வெடிப்பு, அந்த அதிர்ச்சி ஒரு வருஷத்துக்கு மேல பயணம் பண்ணி 2013 ஏப்ரல்ல அங்க போய்ச் சேந்து சுத்தியிருந்த பிளாஸ்மாவை மணி அடிச்ச மாதிரி அதிர வச்சிடுச்சு. அந்த சுருதிய வச்சு அடர்த்தி கணக்கு போட்டா குமிழிக்குள்ள இருந்ததை விட 40 மடங்கு! குமிழிக்கு வெளிய தான் இவ்வளவு அடர்த்தி இருக்கும், அப்போ எப்பவோ வெளிய வந்தாச்சு. பழைய டேட்டாவை தோண்டிப் பாத்தா தேதி 2012 ஆகஸ்ட் 25, சூரியன்ல இருந்து சுமார் 1,800 கோடி கிமீ. நாசா அதை ஆடியோவாவே போட்டிருக்காங்க, ஹெட்போன் மாட்டி கேளுங்க, விசில் மாதிரி மெல்ல சுருதி ஏறும். நான் ராத்திரி லைட்ட அணைச்சுட்டு கேட்டு ஒரு மாதிரி ஆயிட்டேன்.

"சூரியக் குடும்பத்தை விட்டே போயிடுச்சு"ன்னு நியூஸ்ல போட்டாங்கல்ல, அது தப்பு. சூரியனோட ஈர்ப்புல ரொம்ப தூரத்துல கிடக்குற பனிக்கட்டி உருண்டைக் கூட்டமான ஊர்ட் மேகத்தோட உள் விளிம்பைத் தொடவே இன்னும் 300 வருஷம் ஆகுமாம்.

அந்தப் பக்கத்து தூசி நம்ம கிட்டயும் வந்து விழுதுங்க. அண்டார்டிகாவுல 20 வருஷத்துக்குள்ள பெஞ்ச பனிய 500 கிலோ வெட்டி, உருகாம ஜெர்மனிக்கு கொண்டுபோய் அலசினதுல இரும்பு-60ங்குற கதிரியக்க இரும்பு சிக்குச்சுன்னு 2019ல சொன்னாங்க. நட்சத்திரம் வெடிச்சா வர்ற சரக்கு அது, 26 லட்சம் வருஷத்துல பாதியா கரைஞ்சிடும், அதனால பூமி பொறந்தப்ப இருந்ததா இருக்க வாய்ப்பே இல்ல. அரை டன் பனிக்கு கிடைச்சது விரல் விட்டு எண்ணுற அளவு அணு.